படகு ட்ரெய்லரின் வால் ஏன் ஆடுகிறது?

மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் காரின் பின்னால் ஒழுங்காக ஓடிவரும் படகு ட்ரெய்லர், 95 கி.மீ. வேகத்தை எட்டியதும் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. சாலை அதே சாலை, டயர்கள் அதே டயர்கள், ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் திருப்பவும் இல்லை. ஆனாலும் ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் பெருகி, சில விநாடிகளில் காரின் பின்பகுதியையும் சேர்த்து இழுக்கிறது. அதே ட்ரெய்லரில் அதே படகை வைத்து, சக்கர அச்சை மட்டும் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினால் அந்த வேகத்திலும் அமைதியாக வருகிறது. எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு சாண் தூரம் எப்படி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது?

இந்தக் கேள்வி அடிக்கடி எழும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. அங்கே பல சிறு படகுகள் வீட்டு வளாகத்தில் ட்ரெய்லர் மீதே நிற்கின்றன. விடுமுறை நாளில் காரில் பூட்டி இழுத்துச் சென்று, சாய்தளம் வழியாகக் கடலிலோ ஏரியிலோ இறக்குகிறார்கள். இந்த அத்தியாயத்தில் வரும் சட்ட அளவுகள் அந்நாட்டுக்கு உரியவை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எல்லா நாடுகளுக்கும் பொது.

ஆட்டம் எங்கே பிறக்கிறது

ஒற்றை அச்சு ட்ரெய்லரை மூன்று இடங்கள் தாங்குகின்றன. இரண்டு, சக்கரங்கள். மூன்றாவது, காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 50 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டு. இதை டோ பால் என்பார்கள். ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் கிண்ணம் போன்ற பிடி, அதாவது கப்ளிங், இந்தக் குண்டின் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்கிறது. குண்டைச் சுற்றி ட்ரெய்லர் தாராளமாகத் திரும்ப முடியும். திரும்ப முடியாவிட்டால் வளைவில் கார் வளையாது. வளைவில் உதவும் அந்தச் சுதந்திரமே நேர்ச்சாலையில் ஆட்டத்துக்கும் இடம் தருகிறது.

பக்கக் காற்றோ, கடந்து செல்லும் லாரி தள்ளும் காற்றோ ட்ரெய்லரின் பின்பகுதியைச் சற்று வலப்புறம் தள்ளுகிறது என்று கொள்வோம். இப்போது டயர்கள் பார்க்கும் திசையும் அவை உண்மையில் நகரும் திசையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே சிறு கோணம் விழுகிறது. இதை நழுவு கோணம் எனலாம். பக்கவாட்டில் நழுவ ரப்பர் எளிதில் இணங்காது. கோணத்துக்கு ஏற்ற விசையோடு ட்ரெய்லரை நேர்க்கோட்டுக்கு இழுக்கும். நேர்க்கோட்டுக்கு வந்த ட்ரெய்லர் அங்கே நின்றுவிடுவதில்லை. வந்த வேகத்தில் இடப்புறம் தாண்டிப் போகிறது. அங்கிருந்து டயர்கள் மீண்டும் இழுக்கின்றன.

இப்படி ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடச் சிறிதாக இருந்தால் ஆட்டம் தானே அடங்கும். முந்தியதைவிடப் பெரிதாக இருந்தால் விபத்தில் முடியும். ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சி அடக்கும் தன்மைக்குத் தணிப்பு என்று பெயர். ட்ரெய்லரைச் சரியாக அமைப்பது என்றால், போதிய தணிப்பு இருக்கும்படி அமைப்பதுதான்.

வேகம் கூடினால் பிடி ஏன் தளர்கிறது

ட்ரெய்லரின் வால் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம். கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் முன்னோக்கிப் போகிறது. 14 மீட்டர் முன்னே போகையில் அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் டயரின் நழுவு கோணம் சுமார் 2 டிகிரி. அதே வீச்சு 100 கி.மீ. வேகத்தில் நிகழ்ந்தால் முன்னோக்கிய தூரம் இரு மடங்காகிறது. கோணம் 1 டிகிரியாகக் குறைகிறது. கோணம் பாதியானால், வீச்சை எதிர்க்கும் டயர் விசையும் பாதியாகிறது.

ட்ரெய்லர் கோணலாக நிற்பதால் எழும் விசை, அதை நடுவுக்கு இழுக்கும் விசை, வேகம் கூடினாலும் குறைவதில்லை. எனவே நடுவுக்கு இழுப்பது முழு வலுவோடு நடக்கிறது. நடுவில் வந்ததும் அடக்குவதுதான் தளர்கிறது. ஒவ்வொரு வீச்சும் காரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஓட்டுபவர் பதற்றத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் அரை வீச்சு தாமதமாகவே வந்து ஆட்டத்துக்கு மேலும் ஆற்றல் சேர்க்கிறது. ஏதோ ஒரு வேகத்தில், சேரும் ஆற்றலும் அடங்கும் ஆற்றலும் சமமாகின்றன. அந்த எல்லை வேகத்துக்குக் கீழே ஆட்டம் தானே அடங்கும். மேலே தானே வளரும். 70-இல் ஒழுங்காக வந்த ட்ரெய்லர் 95-இல் ஆடுவதற்குக் காரணம், அதன் எல்லை வேகம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான். அந்த எல்லையைச் சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிட வெகு உயரத்துக்குத் தள்ளிவிட முடியும். அதற்கான முதல் கருவி, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

முன்பாரம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுபவர்கள் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளி அடுக்குவார்கள். நுகத்தடி மாடுகளின் கழுத்தில் அளவோடு அழுந்தி நிற்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு பாரம் தாங்காமல் தவிக்கும். காரின் டோ பால் மீது ட்ரெய்லரின் மூக்கு அழுத்தும் எடையையும் இங்கே முன்பாரம் என்றே அழைக்கலாம்.

நுகத்தடியில் பிரச்சினை மேலும் கீழுமானது. வேகமாக ஓடும் ட்ரெய்லரில் அது பக்கவாட்டிலும் எழுகிறது. ட்ரெய்லரின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கருதினால் அந்தப் புள்ளியே நிறை மையம். பக்கவாட்டு ஆட்டத்தில் டோ பாலே சுழல் புள்ளி. நிறை மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால், சுழல் புள்ளியிலிருந்து பார்க்கையில் அச்சு தொலைவிலும் எடை அருகிலும் இருக்கும். டயர்களின் பிடி நீண்ட நெம்புகோலின் முனையிலிருந்து இழுப்பதால் வீசும் எடையை எளிதில் அடக்குகிறது. நிறை மையம் அச்சுக்குப் பின்னால் போனால் நீண்ட நெம்புகோல் எடையின் பக்கம் போய்விடுகிறது. அப்போது வால் டயர்களை இழுத்துக்கொண்டு போகும்.

எடை எவ்வாறு பரவியிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஒரே எடையை அச்சின் அருகே குவிப்பதும் இரு முனைகளில் பிரித்து வைப்பதும் ஒன்றல்ல. முனைகளில் இருக்கும் எடை வீசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். இந்தப் பண்புக்குப் பாடநூல்களில் நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் கார்-ட்ரெய்லர் இணையை வைத்து நடத்திய சோதனைகள், உயர் வேக நிலைப்பைத் தீர்மானிப்பதில் முன்பாரம், அச்சின் இடம், நிலைமத் திருப்புத்திறன் ஆகிய மூன்றும் முதன்மையானவை என்று காட்டின. மொத்த எடை மட்டும் கூடுவது அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை.

படகு ட்ரெய்லருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. அவுட்போர்டு என்ஜின் படகின் கடைசி முனையில் தொங்குகிறது. எரிபொருள் தொட்டியும் பேட்டரியும் பெரும்பாலும் அதன் அருகிலேயே இருக்கின்றன. நங்கூரமும் சங்கிலியும் முன்முனையில் கிடக்கின்றன. இரு முனைகளும் கனமாகவும், அதிலும் பின்முனை மிகுந்த கனமாகவும் இருப்பது படகின் இயல்பு.

எவ்வளவு போதும், எவ்வளவு அதிகம்

ஆஸ்திரேலியாவில் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக, 5 முதல் 7 சதவீதம் வரை வைப்பதே வழக்கம். அங்கே ட்ரெய்லர் இழுக்கும் கார்களுக்கான வேக வரம்பும் தாழ்வானது. ஜெர்மனியில் தனி அனுமதி இல்லாவிட்டால் நெடுஞ்சாலையிலும் மணிக்கு 80 கி.மீ. மட்டுமே. கார் தயாரிப்பாளரும், டோ பாலைத் தாங்கும் சட்டத்தின் தயாரிப்பாளரும், ட்ரெய்லர் தயாரிப்பாளரும் தத்தம் வரம்புகளைத் தருகிறார்கள். அவற்றில் எது மிகக் குறைவோ அதுவே உண்மையான வரம்பு.

முன்பாரம் நல்லது என்பதால் அளவின்றி ஏற்ற முடியாது. டோ பால் காரின் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. காரின் இரு அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர் தூரம் என்று கொள்வோம். டோ பால் மீது 130 கிலோ அழுத்தினால், பின் அச்சு மையமாகி, காரின் முன் அச்சிலிருந்து சுமார் 56 கிலோ குறைகிறது. பின் அச்சின் மீது 130-க்குப் பதில் 186 கிலோ கூடுகிறது. முன் சக்கரங்கள் இலேசானால் ஸ்டீயரிங் பிடிமானமும் பிரேக் பிடிமானமும் குறைகின்றன. முகப்பு விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு மேலே நோக்குகின்றன. 130 கிலோவைத் தாங்கும் கார் 200 கிலோவைத் தாங்காமல் போகலாம்.

முதலில் படகு, அடுத்து வின்ச் தூண், கடைசியில் அச்சு

ட்ரெய்லரைச் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். பலரும் முன்பாரம் குறைவு என்று கண்டதும் படகை முன்னால் இழுத்துவிடுகிறார்கள். அதனால் கணக்கு சரியாகும், படகு கெடும்.

மீனவர் வழக்கில் படகின் முன்முனை அணியம், பின்முனை அமரம். அமரத்தை அடைத்து நிற்கும் பலகையின் மீதுதான் என்ஜின் தொங்குகிறது. அந்தப் பலகைக்கு நேர் கீழே ட்ரெய்லரின் கடைசி ரோலரோ தாங்கு கட்டையோ இருந்தே ஆக வேண்டும். படகு முன்னே நகர்ந்து பலகை அந்தத் தாங்கலை விட்டு விலகினாலும், தாங்கலுக்கு அப்பால் அந்தரத்தில் நீண்டிருந்தாலும், ஒவ்வொரு குழியிலும் என்ஜினின் எடை படகின் அடிப்பகுதியை வளைக்கும். பல மாதங்களில் அந்த வளைவு நிலைத்துவிடும். பிறகு படகு நீரிலும் சரியாக ஓடாது. தாங்கல்கள் படகின் எடையைப் பரவலாக ஏற்க வேண்டும். நடுவில் ஓடும் ரோலர்கள் படகின் அடித்தண்டைத் தாங்கினால், இரு பக்கக் கட்டைகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, அமரப் பலகையை அதன் தாங்கலின் மேல் நிறுத்துவது முதல் வேலை. அப்போது அணியம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே வின்ச் தூணை, அதாவது படகை இழுத்தேற்றும் வின்ச்சைத் தாங்கும் தூணை, நகர்த்தி இறுக்குவது இரண்டாவது. படகின் இடம் இவ்வாறு நிலைத்த பிறகு, முன்பாரத்தைச் சரிசெய்ய எஞ்சியிருப்பது அச்சு மட்டுமே. பல படகு ட்ரெய்லர்களில் அச்சும் வில்தகடுகளும் யூ போல்ட்களால் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. போல்ட்களைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். சட்டத்தோடு பற்றவைத்த அச்சாக இருந்தால் அது பட்டறை வேலை. துத்தநாகப் பூச்சுள்ள சட்டத்தில் வெல்டிங் பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோய் உப்புநீர் உடனே அரிக்கத் தொடங்கும்.

எடை பார்த்தல்

பயணத்துக்குச் செல்லும் நிலையிலேயே எடை பார்க்க வேண்டும். எரிபொருள், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள், உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். காரிலிருந்து கழற்றிய ட்ரெய்லரை எடைமேடையில் ஏற்றினால் மொத்த எடை கிடைக்கும்.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். சமதளத் தரையில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கப்ளிங் வழக்கமாக நிற்கும் உயரத்தில் இருக்கும்படி ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன் அடியில் ஆள் எடை பார்க்கும் கருவியை வைத்தால் போதும். கருவியின் தாங்குதிறனைவிட முன்பாரம் மிகும் என்று தோன்றினால் ஒரு பலகை உதவும். பலகையின் ஒரு முனையைத் தரையில் கிடத்திய குழாய் மீதும், 1.5 மீட்டர் தள்ளி மறுமுனையைக் கருவி மீதும் வைத்து, குழாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் மூக்கை இறக்கலாம். மூக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கருவிக்கு வரும். பலகையின் சொந்த எடையால் கருவி காட்டும் அளவை முன்பே கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும்.

ஒரு ட்ரெய்லர், ஒரு கணக்கு

ஒற்றை அச்சு ட்ரெய்லர் ஒன்றின் மொத்த எடை 1300 கிலோ. அதில் சாமான்களோடு சேர்ந்த படகு மட்டும் 1000 கிலோ. கப்ளிங்கிலிருந்து அச்சு வரை 4.5 மீட்டர். அளந்து பார்த்தபோது முன்பாரம் 40 கிலோ, அதாவது 3 சதவீதம். இதிலிருந்து நிறை மையத்தின் இடத்தையும் கண்டுபிடிக்கலாம்: 4.5 மீட்டரில் 3 சதவீதம், அச்சுக்கு வெறும் 14 செ.மீ. முன்னால். வேகச் சாலைக்கு இது போதாது. 130 கிலோ முன்பாரம் வேண்டும்.

முதலில் சாமான்கள். 30 கிலோ ஐஸ் பெட்டி அமரத்தில் இருக்கிறது. அதை 2 மீட்டர் முன்னே நகர்த்தி அச்சுக்கு மேலாக வைத்தால், 30-ஐ 2-ஆல் பெருக்கி 4.5-ஆல் வகுக்க, முன்பாரம் 13 கிலோ கூடுகிறது. மொத்தம் 53. பெட்டியை அணியம் வரை தள்ளினால் இன்னும் கூடும். ஆனால் கனமான பொருள் முனையில் சேர்ந்து நிலைமத் திருப்புத்திறனை உயர்த்திவிடும். அச்சின் அருகே வைப்பதே நல்லது.

அடுத்து படகு. அமரப் பலகை கடைசித் தாங்கலைத் தாண்டி 9 செ.மீ. பின்னால் நீண்டிருப்பது தெரிகிறது. படகைச் சரியான இடத்துக்கு இழுத்து, வின்ச் தூணையும் அதே அளவு முன்னே நகர்த்தினால், 1000 கிலோ 9 செ.மீ. முன்னேறியதில் முன்பாரம் மேலும் 20 கிலோ கூடுகிறது. இப்போது 73.

மீதி 57 கிலோவை அச்சு தர வேண்டும். அச்சைப் பின்னுக்குத் தள்ளினால் நிறை மையம் அச்சுக்கு இன்னும் முன்னால் போகும். ஆனால் அச்சும் சக்கரங்களும் தாமே பின்னால் செல்கின்றன. கப்ளிங்குக்கும் அச்சுக்கும் உள்ள தூரமும் நீள்கிறது. இரண்டும் பலனைச் சற்றுக் குறைக்கின்றன. அச்சும் சக்கரங்களும் சேர்ந்து 100 கிலோ இருந்தால், ஒவ்வொரு சென்டிமீட்டர் நகர்த்தலுக்கும் முன்பாரம் சுமார் 2.4 கிலோ உயரும். 57 கிலோவுக்கு 24 செ.மீ. தேவை. தொடக்கத்தில் சொன்ன ஒரு சாண் இதுதான். நகர்த்திய பிறகு நிறை மையம் அச்சுக்கு 47 செ.மீ. முன்னால் நிற்கிறது; முன்பு அது 14 மட்டுமே.

இந்தக் கணக்கு நிலையாக இருக்காது என்பதையும் பார்க்க வேண்டும். 100 லிட்டர் எரிபொருள் தொட்டி அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால், அது நிறையும்போது 74 கிலோ பெட்ரோல் முன்பாரத்தைச் சுமார் 16 கிலோ குறைக்கும். மழைநீர் 60 லிட்டர் படகில் தேங்கி, அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் அமரத்தில் சேர்ந்தால் 25 கிலோ குறையும். இரண்டும் சேர்ந்தால் 130 கிலோ 90-க்கு இறங்கிவிடும். படகின் அடியில் இருக்கும் வடிகால் திருகை வழிப்பயணத்தில் கழற்றி வைப்பது இதனால்தான். நீரில் இறக்கும் முன் அதை மறக்காமல் மாட்ட வேண்டும்.

காரின் டோ பால் உயரமும் கணக்கை மாற்றும். மூக்கு மேல்நோக்கி இருந்தால், உயரத்தில் இருக்கும் நிறை மையம் பின்னோக்கிச் சாய்கிறது. நிறை மையம் அச்சைவிட 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், மூக்கு 3 டிகிரி உயர்ந்ததும் இந்த ட்ரெய்லரின் முன்பாரம் 10 கிலோ குறையும். ட்ரெய்லர் கிடைமட்டமாகவோ மூக்கு மிகச் சற்றே தாழ்ந்தோ நிற்குமாறு டோ பால் உயரத்தை அமைக்க வேண்டும்.

அச்சு நேராக இருக்கிறதா

நகர்த்திய அச்சு ட்ரெய்லரின் நீளத்துக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், ட்ரெய்லர் காருக்குப் பின்னால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே வரும். டயர்கள் எப்போதும் பக்கவாட்டில் உரசித் தேயும். இதைச் சோதிக்க அளவு நாடா போதும். கப்ளிங்கின் நடுப்புள்ளியிலிருந்து அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் உள்ள தூரங்களை அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் போல்ட்களைத் தளர்த்தித் திருத்த வேண்டும். பிறகு யூ போல்ட்களைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மட்கார்டு டயருக்கு நேராக இருக்கிறதா, பிரேக் குழாயும் விளக்கு வயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்பதும் அப்போதே பார்க்க வேண்டியவை.

படகை ட்ரெய்லரோடு கட்டுதல்

வின்ச்சின் பட்டை படகை நீரிலிருந்து மேலே இழுக்க உருவானது. வழிநெடுக அதை மட்டும் நம்புவது தவறு. அணியத்தில் இருக்கும் கண்ணியிலிருந்து வின்ச் தூணுக்குத் தனியே ஒரு சங்கிலி போட வேண்டும். பட்டை அறுந்தால் அது தாங்கும். அமரத்தின் இரு மூலைகளிலிருந்தும் ட்ரெய்லர் சட்டத்துக்கு ராட்செட் பட்டைகளை இறுக்கினால் படகு துள்ளாது, பக்கவாட்டிலும் நகராது. படகு தாங்கலின் மேல் துள்ளினால் முன்பாரமும் நொடிக்கு நொடி மாறும்.

என்ஜினைத் தரையில் இடிக்காதவாறு உயர்த்தி வைக்கும்போது, அதன் எடை நீர்விசைச் சிலிண்டர் மீதும் அமரப் பலகை மீதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். என்ஜினின் காலுக்கும் ட்ரெய்லருக்கும் இடையே ஒரு தாங்கு கம்பியைப் பொருத்தினால் அந்த அதிர்வு சட்டத்துக்கு இறங்கிவிடும்.

பூட்டும் சங்கிலியும்

கப்ளிங்கும் டோ பாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். குண்டு சிறியதானால் பூட்டிய பிறகும் கப்ளிங் குழியில் கழன்று எழும்பும். பூட்டியபின் மூக்கு ஜாக்கியைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது.

கப்ளிங் கழன்றுவிட்டால் கடைசிக் காவல் பாதுகாப்புச் சங்கிலி. இரு சங்கிலிகள் இருந்தால் கப்ளிங்குக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும்படி மாட்ட வேண்டும். மூக்கு கழன்று விழுந்தாலும் அந்தக் குறுக்குச் சங்கிலியின் மேல் உட்காரும்; தரையில் குத்தி ட்ரெய்லர் புரளாது. வளைவில் இழுபடாத நீளமும் தரையில் உரசாத குறுக்கமும் சங்கிலிக்குத் தேவை.

பிரேக்

ட்ரெய்லர் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் கட்டாயமில்லை என்பது ஆஸ்திரேலிய விதி. அதற்கு மேல் 2000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். 2000-க்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். ட்ரெய்லர் காரிலிருந்து பிரிந்தால் தானே பிரேக் போடும் அமைப்பும் வேண்டும். மேலே கணக்கிட்ட ட்ரெய்லரில் 1300 கிலோவில் 130 கிலோ காரின் மீது இருப்பதால் சக்கரங்கள் தாங்குவது 1170 கிலோ, பிரேக் கட்டாயம்.

படகு ட்ரெய்லர்களில் பரவலாக இருப்பது உந்து பிரேக். கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் கப்ளிங் சற்றுப் பின்னே சறுக்கி, பிரேக் சிலிண்டரை அழுத்துகிறது. மின்சாரம் தேவையில்லை என்பதால் உப்புநீரில் இறங்கும் ட்ரெய்லருக்கு இது பொருந்துகிறது. கார் பின்னோக்கிச் செல்லும்போதும் கப்ளிங் சறுக்கும் என்பதால், அப்போது பிரேக் பிடிக்காமலிருக்க ஒரு தடுப்பு உண்டு. முன்னோக்கிச் செல்லும் முன் அது விலகியிருக்க வேண்டும்.

வேகம் இரு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 1300 கிலோ கூடுதலாகப் பின்னால் வரும்போது, முன்னால் செல்லும் வண்டிக்கு விடும் இடைவெளியையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

டயரும் பேரிங்கும்

காற்றழுத்தம் குறைந்த டயரின் பக்கச் சுவர் நெளியும். நெளியும் டயர் பக்கவாட்டில் தளர்வாகவே பிடிக்கும்; எல்லை வேகம் தாழும். சுவர் சூடேறி வெடிக்கவும் கூடும். ட்ரெய்லர் தகட்டில் குறித்த அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். படகு ட்ரெய்லர் ஆண்டில் சில நாட்களே ஓடுவதால் டயரின் பூக்கள் தேயும் முன்பே ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்களாக உற்பத்தி நாள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

படகு ட்ரெய்லரில் மிக எளிதில் கெடுவது சக்கரப் பேரிங். நீண்ட ஓட்டத்தில் சக்கரக் குடம் சூடாகிறது; உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. அப்படியே குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால், உள்ளே எஞ்சிய காற்று சட்டென்று சுருங்கி சீலின் வழியே நீரை உறிஞ்சுகிறது. உப்புநீர் கிரீஸில் கலந்து பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்கிறது. சாய்தளத்தை அடைந்ததும் படகைத் தயார் செய்வதில் சிறிது நேரம் கழித்து, குடம் ஆறியபின் இறக்கினால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும். திரும்பியதும் நன்னீரால் கழுவ வேண்டும்.

பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும்போது, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பேரிங்கை இருத்த வேண்டும். பிறகு நட்டைத் தளர்த்தி, விரலால் இறுக்கும் அளவுக்கு மட்டும் திருப்பிக் குறுக்கு ஊசியால் பூட்ட வேண்டும். மிகவும் இறுக்கினால் பேரிங் சூடேறிச் சிதையும். மிகவும் தளர்த்தினால் சக்கரம் ஆடும். முதல் சில கிலோமீட்டருக்குப் பின் நிறுத்தி, குடத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ உராய்கிறது.

ஆட்டம் தொடங்கிவிட்டால்

எல்லாம் சரியாக அமைத்த பின்னும் பலத்த காற்றிலோ நீண்ட இறக்கத்திலோ ஆட்டம் தலைகாட்டலாம். அப்போது செய்ய வேண்டியது முன்பு கண்ட இயற்பியலிலிருந்தே வருகிறது. ஆட்டம் வளர்வது வேகம் எல்லையைத் தாண்டியதால். ஆகவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே இறங்க விட வேண்டும். காரின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். கோணலாக நிற்கும் ட்ரெய்லரின் தள்ளல் காரையும் மடக்கிவிடும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பினால் திருத்தம் தாமதமாகி ஆட்டத்தோடு சேர்ந்துவிடும். ட்ரெய்லரில் மின்பிரேக் இருந்து அதற்குத் தனிக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்கலாம். அது ட்ரெய்லரைப் பின்னோக்கி இழுத்து நேராக்கும்.

ஆட்டம் அடங்கியபின் அதே பயணத்தை அப்படியே தொடரக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயர் அழுத்தம், கட்டுகள், நகர்ந்த சாமான்கள், தேங்கிய நீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் ஆட்டம் தொடங்கிய வேகத்துக்கு வெகு கீழேயே ஓட்டி வீடு திரும்பி, முன்பாரத்தை மீண்டும் அளக்க வேண்டும். பழைய என்ஜினுக்குப் பதில் கனமான புதிய என்ஜினை மாட்டினாலும், தொட்டியையோ பேட்டரியையோ இடம் மாற்றினாலும், வேறு காரில் இழுத்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. எடை பார்க்கும் கருவியும் அளவு நாடாவும் கையில் இருந்தால் அதற்கு அரை நாள் கூட ஆகாது.